நாற்பத்தோராம் பக்கத்து ‘யாரோ ஒருவர்’

செத்தவர்களைப் பற்றி நல்லவிதமாக எழுதுவதில் எனக்கு இருபது வருடத்துக்கு மேல் பழக்கம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் எல்லாவற்றையும் நானே டைப் அடித்துக் கொடுப்பேன். அஞ்சலி வாசகமும் என்னுடையதுதான். ஊரை அடித்து உலையில் போட்டவருக்கும் ‘ஏழைப் பங்காளர்’ என்று போட்டிருக்கிறேன். மருமகளை ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட விடாத மாமியாருக்கு ‘அன்பின் இருப்பிடம்’ என்று போட்டிருக்கிறேன். அதற்காக ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. அது பொய் என்று எழுதுகிறவனுக்கும் தெரியும், படிக்கிறவனுக்கும் தெரியும், சுவரில் பசை தடவி ஒட்டுகிறவனுக்கும் தெரியும்.

நான் வெட்கப்படுவது, உண்மையை எழுதுகிறேன் என்று மார்தட்டிக்கொண்டு எழுதிய ஒரு புத்தகத்துக்காக. நான் எழுதிய ஒரே புத்தகம் அது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் கொண்டாடிய ஒரு கூத்துக் கலைஞரின் வாழ்க்கை வரலாறு. அதில் நாற்பத்தோராம் பக்கத்தில் ‘யாரோ ஒருவர்’ என்று ஒருவர் வருகிறார். அந்த யாரோ நான்தான்.

இதை எழுதலாமா என்று சம்பந்தப்பட்ட அக்காவிடம் கேட்டேன். “நம்மூருல யாரும் படிக்காத எடமா பாத்து எழுதிக்கோ. பேரு போடாத, ஊரு போடாத” என்றார். அதனால் பேரும் இல்லை, ஊரும் இல்லை. சாலவாக்கத்திலிருந்து உத்திரமேரூர் வருகிற டவுன் பஸ் நிற்கிற ஒரு ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கலைஞர் கட்டியக்காரன் வேஷம் கட்டுகிறவர். கூத்தில் ராஜாவுக்கு முன்னால் வந்து, ராஜாவையே கிண்டல் பண்ணுகிற கோமாளி. அவர் திரைக்குப் பின்னால் இருந்து ஒரு இருமல் இருமினாலே போதும், பாயில் படுத்திருக்கிற ஜனம் எழுந்து உட்கார்ந்துவிடும். அவர் எந்தக் கூத்துச் செட்டில் இருக்கிறாரோ அந்தச் செட்டுக்குத்தான் பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் கூத்துக்கு அழைக்கிற வெற்றிலை பாக்கு போகும். துரியோதனன் யார், அர்ஜுனன் யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். “அவரு வராரா?” என்றுதான் கேட்பார்கள்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கூத்து நடக்கிற ஊருக்குப் பொழுது இருக்கும்போதே வந்துவிடுவார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, இளவட்டங்களைக் கூப்பிட்டு, “இன்னா நைனா, உங்கூர்ல இன்னா சேதி?” என்பார். யார் புதிதாக பைக் வாங்கி வரப்பில் விழுந்தார், யார் வீட்டு ஆடு தலைவர் தோட்டத்தில் மேய்ந்தது என்று நாங்கள் சொல்லுவோம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் ஒரு கேள்வி கேட்பார். “சொன்னா சிரிப்பானா, அடிக்க வருவானா?” சிரிக்கிற ஆளாக இருந்தால்தான் எடுத்துக்கொள்வார். அன்றைக்கு ராத்திரி அந்த ஆள் பெயரோ அடையாளமோ கூத்தில் வரும். பேர் வந்தவர் அடுத்த ஒரு மாதத்துக்கு அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவார்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. முப்பத்தேழு, முப்பத்தெட்டு வருடம் ஆகியிருக்கும். கூத்துக்கு மூன்று நாள் முன்னால், மாட்டுக்கு மருந்து வாங்கிக்கொண்டு சாலவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நெருக்கியடித்த கூட்டம். எனக்கு உட்கார இடம் கிடைத்திருந்தது. நடுவழியில் எங்கள் ஊர் அக்கா ஒருத்தி ஏறினார். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர். அவருக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கையில் ஒரு துணிப்பை, இன்னொரு கையில் ஒரு டேபிள் ஃபேன். அவர் அப்பா சீராகக் கொடுத்தது. அவர் அப்பா எங்கள் நிலம் உட்பட நாலைந்து பேர் நிலத்தில் கூலிக்குப் போகிறவர்.

நின்றுகொண்டு வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, “தம்பி, இத்த கொஞ்சம் மடியில வெச்சிக்கினு வரியா?” என்றார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஊர் வரைக்கும் அது என் மடியில்தான் இருந்தது. இறங்கும்போது வாங்கிக்கொண்டு, முந்தானையால் அதன் மேல் இருந்த புழுதியைத் துடைத்துவிட்டு, மண் ரோட்டில் நடந்து போனார். புருஷன் வீட்டை விட்டு வந்துவிட்டார் என்று மறுநாள் ஊருக்கே தெரிந்தது. ஏன் வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. இன்றைக்கு வரைக்கும் எனக்கும் தெரியாது.

டீக்கடையில் கட்டியக்காரர் சேதி கேட்டபோது எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர் எதற்கும் சிரிக்கவில்லை. அவரைச் சிரிக்க வைக்கவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. அந்த வயதில் அதைவிடப் பெரிய சாதனை எது? நான் இந்தக் கதையைச் சொன்னேன். அதிலிருந்து என் மடியை எடுத்துவிட்டேன். அக்கா ஃபேனைத் தன் மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்ததாகவும், கண்டக்டர் அதற்கு டிக்கெட் கேட்டதாகவும் சேர்த்துக்கொண்டேன். அவர் சிரித்தார். பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“சொன்னா சிரிப்பாங்களா, அடிக்க வருவாங்களா?”

நான் சொன்னேன்: “அவங்க வூட்ல கேக்க ஆளு கெடயாதுண்ணே.”

அவர் முதலில் கேட்டது ‘சிரிப்பாங்களா’ என்று. நான் சொன்ன பதில் வேறு. எங்கள் வீட்டுப் பெண்ணாக இருந்திருந்தால் அந்தப் பேச்சை எடுக்க எனக்கே துணிச்சல் வந்திருக்காது. கூலிக்காரர் மகள், அவர் அப்பா அடுத்த நாள் எங்கள் களத்துக்கு வந்தாகவேண்டும். அதைக் கணக்குப் போட்டுத்தான் என் வாய் அந்த வார்த்தையைச் சொன்னது.

அன்றைய கூத்தில் கட்டியக்காரர் ஒரு முறத்தை மூங்கில் குச்சியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டார். “கண்டக்டரண்ணே, எனக்கு ஒண்ணு, இதுக்கு அரை டிக்கெட்டு” என்றார். கண்டக்டராக நின்ற பின்பாட்டுக்காரர், “ஏம்மா, புருசன் எங்க?” என்று கேட்டார். “புருசன வுட்டுட்டேண்ணே, இத்த வுட மனசு வரல. நான் இன்னா சொன்னாலும் இது தலைய தலைய ஆட்டும். அந்தாளு ஆட்டுவானா?” என்று சொல்லி, முறத்தை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன், அதிகமாகவே.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அந்தக் காட்சி எங்கள் ஊரோடு நிற்கவில்லை. போகிற ஊரிலெல்லாம் அதை ஆடச் சொன்னார்கள். கோபித்துக்கொண்டு கிளம்புகிற யாரைப் பார்த்தாலும் “ஃபேனுக்கு டிக்கெட் வாங்கிட்டியா?” என்று கேட்பது எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. அந்த அக்காவுக்கு ‘ஃபேன்காரி’ என்று பேர் விழுந்தது. ஒரு வருடம் கழித்து வேறு ஊரிலிருந்து அவரைப் பெண் கேட்டு வந்தவர்களில் ஒருத்தர், வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, “அந்த ஃபேனு இதானா?” என்று கேட்டாராம். அதோடு அந்தப் பேச்சு முறிந்தது. அதற்கப்புறம் அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடச் சத்துணவில் சமையல் உதவிக்குச் சேர்ந்தார். அங்கேயே ஓய்வும் பெற்றார்.

கட்டியக்காரர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய மகள் என் கடைக்கு வந்து, அப்பாவைப் பற்றி ஒரு புத்தகம் வேண்டும் என்றாள். நான் வழக்கம்போல ‘கலைக்கடல்’ என்று ஆரம்பித்தேன். அவள் தடுத்தாள்.

“வேணாண்ணா. வெறும் புகழ்ச்சியா எழுதினா எங்கப்பாவே எழுந்து வந்து கிண்டல் பண்ணுவாரு. நல்லது கெட்டது ரெண்டும் எழுதுங்க. படிக்கிறவங்க இது எங்கப்பாதான்னு சொல்லணும்.”

எனக்குப் புல்லரித்துப் போயிற்று. இருபது வருடமாகப் பொய் எழுதிய கைக்கு ஒரு நியாயமான வேலை வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆறு மாதம் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினேன். மிருதங்கக்காரர், முகவீணைக்காரர், வேஷக்காரர்கள், டீக்கடைக்காரர்கள் என்று நாற்பது பேருக்குக் குறையாமல் பார்த்தேன். ‘நிறை’ என்று ஒரு அத்தியாயம், ‘குறை’ என்று ஒரு அத்தியாயம். இரண்டும் பதினோரு பக்கம். ஒன்றில் ஒரு பக்கம் குறைந்ததும் எழுத்தின் அளவைக் கொஞ்சம் பெரிதாக்கிச் சரிக்கட்டினேன் என்றால் என் நடுநிலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

குறைகளில் அவருடைய குடியை எழுதினேன். சின்ன வேஷக்காரர்களைத் திட்டுவதை எழுதினேன். பிறகு இப்படி எழுதினேன்: ‘ஓர் ஊரில் யாரோ ஒருவர் சொன்ன தகவலை வைத்துக்கொண்டு, கணவர் வீட்டிலிருந்து திரும்பிய ஓர் ஏழைப் பெண்ணை அவர் ஆண்டுக்கணக்கில் கேலிப்பொருளாக்கினார். அவருடைய கலைவாழ்வில் இது ஒரு கறை. இதற்காக அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. முதுமையில் மூட்டுவலி காரணமாக அந்தக் காட்சியை நிறுத்திக்கொண்டார்.’

‘யாரோ ஒருவர்’ என்று டைப் அடித்தபோது விரல் ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டது. இந்த வரலாறு அவரைப் பற்றியது, இதில் எனக்கு என்ன வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அச்சுக்குப் போகும் முன் அவர் மகள் கடையில் நின்றபடியே அந்தப் பக்கத்தைப் படித்தாள். முகம் சுருங்கியது.

“அப்பா வருத்தப்படவே இல்லியாண்ணா?”

“எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இல்லம்மா. விசாரிச்சேன்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உண்மைன்னா இருக்கட்டும்” என்றாள். நான் விசாரிக்கவில்லை. நாற்பது பேரைப் பார்க்கப் போனவன், என் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில் இருக்கிற அந்த அக்காவைப் பார்க்கப் போகவில்லை. பைக் அந்தத் தெரு முனையைத் தினமும் தாண்டும்.

கல்யாண மண்டபத்தில் வெளியீடு நடந்தது. எனக்குச் சால்வை போட்டார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், தெரிந்தவரைப் பற்றி இவ்வளவு நடுநிலையாக எழுத நெஞ்சுரம் வேண்டும் என்று மேடையில் பேசினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். உண்மையைச் சொல்லவேண்டுமானால், அப்போது எனக்கு வெட்கமாக இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. சால்வையை வீட்டுக்குப் போகும் வரைக்கும் கழற்றவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம் அந்த அக்கா கடைக்கு வந்தார். பென்ஷன் காகிதத்துக்கு ஆதாரை ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்தார். அவர் வருவது புதிதில்லை. எப்போது வந்தாலும் நான் மெஷினைப் பார்த்துக்கொண்டே பேசி அனுப்பிவிடுவேன். அன்றைக்கு அவர் பைக்குள்ளிருந்து என் புத்தகத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். கட்டியக்காரர் மகள் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒன்று கொடுத்திருந்தாள்.

“படிச்சேன் தம்பி. நல்லா எழுதிக்கீற.”

“சும்மா ஏதோ…” என்று இழுத்தேன்.

“இதுல ஒண்ணு தப்பாக் கீது” என்றார். நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு பழைய பஸ் டிக்கெட்டை அடையாளத்துக்கு வைத்திருந்தார். “அவரு வருத்தப்படலன்னு போட்டுக்கீற. யாரு சொன்னா உனக்கு?”

நாற்காலியைத் தள்ளி, “உக்காருங்கக்கா” என்றேன். உட்காரவில்லை.

“அவரு வந்தாருப்பா. ஆறேழு வருசம் இருக்கும். இஸ்கூல்ல நான் அரிசி களைஞ்சிக்கினு இருந்தேன். வேஷம் இல்லாம வந்ததால யாருன்னே எனக்குத் தெரியல. தண்ணி கேட்டாரு, குடுத்தேன். குடிச்சிட்டு, ‘யம்மா, உன்ன வெச்சி நான் ஜனத்த சிரிக்க வெச்சேன். தப்பு பண்ணிட்டேன்’னு கையெடுத்துக் கும்புட்டாரு. வயசான மனுசன். எனக்கு இன்னா சொல்றதுன்னே தெரியல. ‘உனக்கு யாரு சொன்னது இத்த?’ன்னு கேட்டேன். ‘சொன்னது யாரா இருந்தா இன்னாம்மா, ஆடுன காலு என்னுது’ன்னாரு. அதுக்கப்புறம் அவரு அத்த எந்த ஊர்லயும் ஆடல. நீ மூட்டுவலின்னு எழுதிக்கீற.”

கடையில் வேறு யாரும் இல்லை. நான் சொன்னேன். இத்தனை வருடம் தொண்டையில் இருந்தது ஒரு வரியில் வெளியே வந்தது. “அவருகிட்ட சொன்னது நாந்தாங்கா.”

அவர் ஆச்சரியப்படவில்லை. புத்தகத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டே பேசினார்.

“அது தெரியாதா எனக்கு? அந்த பஸ்ல நம்மூரு ஆளு நீ ஒருத்தந்தான் இருந்த. ஃபேனு யார் மடியில இருந்துச்சின்னு கூடவா மறந்துடுவேன்? கூத்துல அத்தப் பாத்த அன்னிக்கே தெரியும். அவரு உன் பேர சொல்றாரான்னு பாக்கத்தான் அவருகிட்ட கேட்டேன்.”

“அப்புறம் ஏங்கா யார்கிட்டயும் சொல்லல?”

“சொன்னா இன்னா பண்ணுவாங்க, உன்னப் பாத்து சிரிப்பாங்களா? அதுக்கும் என்னப் பாத்துத்தான் சிரிப்பாங்க. அதுவும் இல்லாம எங்கப்பா உங்க களத்துல கெடந்தாரு.”

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். நான் அம்பை நொந்து புத்தகமே போட்டிருக்கிறேன். அடுத்த பதிப்பில் என் பேரைப் போட்டு, நடந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். சொல்லும்போது என் குரலில் ஒரு கம்பீரம் வந்தது. அது எனக்கே கேட்டது.

அவருக்குக் கோபம் வந்தது அப்போதுதான். “நீ நல்லவன் ஆவறதுக்கு என் கதைய மறுபடியும் அச்சடிப்பியா? மறுபடியும் ஊரெல்லாம் வூட்டுக்கு ஒண்ணு குடுப்பீங்களா? ஒண்ணும் வேணாம். அந்தப் பக்கத்தையே எடுத்துடு. அவரு பொண்ணுகிட்ட மட்டும் போயி சொல்லு, உங்கப்பா வந்தாருன்னு. அது அந்தப் பொண்ணுக்குச் சேர வேண்டியது.” ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். அன்றைக்குக் கடையில் அடித்த இரண்டு பத்திரிகையிலும் முகூர்த்த நேரத்தைத் தப்பாக அடித்தேன். சாயங்காலம் கடையைப் பாதியில் சாத்திவிட்டு, ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற கட்டியக்காரர் வீட்டுக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். முதலில் என் தப்பைச் சொல்லவேண்டும், பிறகு மற்றது. அவள் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளவேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அப்படி முடிவு செய்ததில் எனக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது.

அவள் வாசலில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே என் பங்கைச் சொன்னேன். டீக்கடை, பஸ், மடி, கேக்க ஆளு கெடயாது என்று சொன்னது, எல்லாம். அவள் கை நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவள் அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போனதைச் சொன்னேன். கை நின்றது.

“அப்பா போனாரா?”

“போயிருக்காரும்மா. கையெடுத்துக் கும்புட்டாராம்.”

அவள் எழுந்து உள்ளே ஓடினாள். “அம்மா! நம்ம அப்பா போயி மன்னிப்பு கேட்டுக்கீறாரும்மா!” என்ற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. உள்ளே அவள் அம்மா அழுகிற சத்தம் கேட்டது. பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் ஒத்திகை பார்த்துக் கொண்டுவந்த பெரிய பாவம் அந்த வீட்டில் யாருக்கும் தேவைப்படவில்லை. கடலைத் தோலுக்கு நடுவில் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். கோபமாக இல்லை. புரியாமல் கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள்.

“அந்தக்கா உங்க ஊருதானேண்ணா. புக்கு எழுதும்போதே ஏன் போயி கேக்கல?”

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம்.

“போனா அந்தக்கா என் மூஞ்சியப் பாக்கும்மா. அதான் போகல.”

அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“அதுக்காகவா எங்கப்பாவ அப்படி எழுதினீங்க?”

“ஆமாம்மா” என்றேன்.